ராணியைப் பெற்ற ட்ரூடி

என் நாத்தனார் ட்ரூடி ஹாக்ஸ்டாட்டைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். பிராண்ட் கிரீக்கில் எல்லோரிடமும் வண்டி இருக்கிறது. வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டும். பிளேட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். அவளைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டு யார் போய் வரிசையில் நிற்பது? எங்கள் வண்டி என் கணவர் கென்ட் பேரில் இருக்கிறது, கென்ட் அவளுடைய தம்பி. அதனால் நான் தாராளமாகப் பேசலாம்.

இருபது வயதில் அவள் மாவட்ட ரோடியோவுக்கு, அதாவது குதிரை, காளைச் சவாரித் திருவிழாவுக்கு, ராணியைத் தேர்ந்தெடுக்கிற போட்டியில் நின்று இரண்டாவதாக வந்தாள். ஜெயித்தவள் கார்லீன். இன்றைக்கு மருந்துக்கடை நடத்துகிறவளும், ரோடியோ கமிட்டித் தலைவியும் அந்தக் கார்லீன்தான். ஆனால் ட்ரூடி எந்தப் பேச்சையும் "நான் ராணியா இருந்தப்ப" என்றுதான் தொடங்குவாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மைதானத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர்கள். ஒருவரும் திருத்தியதில்லை. சொன்னேனே, நம்பர் பிளேட்.

அவள் கணவர் ஆர்லன் மாட்டுப் பண்ணைக்காரர். மாடுகளிடம் பேசுகிற அளவுக்கு அவளிடம் பேசுவதில்லை. மாடுகள் பதிலுக்கு ராணிக் கதை சொல்வதில்லை என்பதால் இருக்கலாம்.

இவர்களுக்கு ஒரே பெண், டெஸ்ஸா. தனக்கு நடந்த அநியாயத்தைச் சரிசெய்யவே ட்ரூடி அந்தப் பெண்ணைப் பெற்றாள். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் அவளே சொன்னாள். நடக்கப் பழகிய கையோடு குழந்தையைக் குதிரைமேல் ஏற்றினாள். பால்பல் விழுவதற்குள் உதட்டுச் சாயம் பூசினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் சறுக்குமரத்தில் விளையாடும்போது இந்தக் குழந்தை தலை நிறையச் சுருள் மாட்டிக்கொண்டு கையசைக்கப் பழகிக்கொண்டிருக்கும்.

ரோடியோ ராணி என்றால் கிரீடத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவள் இல்லை. ரோடியோ தொடங்கும்போது குதிரையை முழு வேகத்தில் விரட்டி மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். ஒரு கையில் கொடி, முகத்தில் சிரிப்பு, தொப்பி அசையக்கூடாது. சிரித்த உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு வாசலின் தடவுவார்கள். வருடம் முழுக்க ஊர்வலம், சந்தை, பள்ளிக்கூடம் என்று போக வேண்டும். விதிகளும் உண்டு. கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, பிள்ளை பெற்றிருக்கக்கூடாது, வயிற்றிலும் இருக்கக்கூடாது. குதிரை விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி கிடையாது.

டெஸ்ஸா பத்தொன்பது வயதில் மாவட்ட ராணி ஆனாள். கிரீடத்தைத் தொப்பியில் மாட்டும்போது பெண் அழவில்லை, தாய் அழுதாள். அதுவும் எப்படி, கிரீடம் கொண்டுவந்தவரே கிரீடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு. அடுத்து ஜூலையில் மாநிலப் போட்டி. அதற்குத் தோலில் தைத்த நீளக் கவுன் ஒன்று வேண்டும், கழுத்திலிருந்து குதிகால்வரை உடம்போடு ஒட்டி நிற்கிற சாதி. டெக்சாஸில் ஒரு தையல்காரிக்கு அளவு அனுப்பினார்கள். அனுப்பும்போது ட்ரூடி இடுப்பளவில் மூன்று அங்குலம் குறைத்து எழுதினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணி, தப்பா எழுதறீங்க," என்றேன்.

"சரியாத்தான் எழுதறேன். கவுன் இருந்தா அதுக்கேத்தபடி உடம்பு தானா வரும். நீ ராணியா இருந்திருந்தா இதெல்லாம் தெரியும்."

உடம்பு வந்தது. காலையில் பாதி ஆப்பிள், மத்தியானம் முட்டையின் வெள்ளைக்கரு, மற்ற நேரமெல்லாம் பால் விடாத காப்பியும் சூயிங் கமும். மாட்டிறைச்சி விற்றுச் சாப்பிடுகிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த நிலைமை. என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டித் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்துவாள், நன்றி சொல்லிவிட்டுப் போவாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மே மாதத்து வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, குளிர்கிறதாம். தேவாலயத்தில் பார்த்த பெண்களெல்லாம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அடேயப்பா, எவ்ளோ அழகாயிட்டா!" இந்த ஊரில் ஒரு பசுங்கன்று அப்படி எலும்பு தெரிய நின்றால் மறுநாளே மாட்டு டாக்டர் வந்து நிற்பார்.

ஜூன் மாதம் ஒருநாள் நான் அடுக்களையில் ருபார்ப் பை செய்ய, அதாவது புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடுகிற இனிப்புக்கு, மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ட்ரூடி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ஒரு பாக்கெட்டை மாவின்மேலேயே வீசினாள்.

"பாத்தியா இதை?"

"பேடு பாக்கெட். எனக்கு எதுக்கு அண்ணி? எனக்குத்தான் நின்னு போச்சே."

"உனக்கு இல்லடி. டெஸ்ஸா பாத்ரூம்ல இருந்துச்சு. பனி கொட்டிக்கிட்டு இருந்தப்ப வாங்கி வச்சேன். இன்னும் பிரிக்கக்கூட இல்ல!"

"அவ தட்டுல விழுற ஒவ்வொரு கடலையையும் எண்ணுறவங்க நீங்க. இது இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா?"

அவள் காதில் விழவில்லை. "அந்தக் கோல்பிப் பய! அவன் வேலைதான் இது. முழுகாம இருக்கா மார்னி, என் பொண்ணு முழுகாம இருக்கா. மாநிலப் போட்டிக்கு ஒரு மாசங்கூட இல்ல. கிரீடத்தைப் புடுங்கி அந்த ரெண்டாவதா வந்த முண்டத்துக்குக் குடுத்துடுவாங்க."

இரண்டாவதாக வந்த முண்டம். அதை அவள் வாயாலேயே சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மாவைத் தட்டினேன்.

கோல்பி என்பவன் டெஸ்ஸாவின் சிநேகிதன். காளைமேல் எட்டு நொடி உட்கார்ந்திருப்பது அவன் தொழில். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் பெல்ட்டில் ஒரு தட்டு அளவுக்கு வெள்ளிப் பக்கிள் மாட்டியிருப்பான்.

"அவ எங்கே?"

"வண்டில இருக்கா. அழுறா. இப்ப நீ என்ன பண்ணு, கார்லீன் கடைக்குப் போயி அந்த டெஸ்ட் ஒண்ணு வாங்கிட்டு வா. நான் போக முடியாது. அவ போகவே முடியாது. நீ போனா ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் பிள்ளை குட்டி கிடையாதே, ஏதோ கடைசி ஆசைல வாங்குறான்னு நினைச்சுக்குவாங்க."

இதைக் கூசாமல் சொன்னாள். பாக்கெட்டை எடுத்து அவள் மூஞ்சியில் வீசியிருப்பேன். ஜன்னல் வழியாக டெஸ்ஸா தெரிந்தாள். வண்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்தக் கொளுத்துகிற வெயிலில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கார்லீன் அந்தப் பெட்டியை ஸ்கேன் பண்ணாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "மார்னி, கண்ணு..."

"பில் போடுங்க கார்லீன்."

"கென்ட்டுக்குத் தெரியுமா?"

"இதுக்கும் கென்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்று எரிந்து விழுந்தேன்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே மடத்தனமானது அதுதான். அன்றைக்குச் சாயங்காலம் கென்ட் தீவனக் கடையிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "மார்னி, ஒவ்வொருத்தனும் எனக்குக் காப்பி வாங்கித் தர்றான். ஐயோ பாவம்னு முதுகைத் தட்டிக் குடுக்குறான். என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார்.

ஆனால் அதற்கு முன்பே என் குளியலறையில் விஷயம் முடிந்துவிட்டது. டெஸ்ஸா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் குச்சியை எனக்குக் காட்டினாள்.

"அத்தை, ஒரு கோடுதான் வந்திருக்கு."

"ஒரு கோடுன்னா இல்லைன்னு அர்த்தம்டி."

"பொய்யா இருந்துச்சுன்னா?"

பெட்டியிலிருந்த இன்னொன்றையும் பார்த்தோம். அதுவும் இல்லை என்றது. அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"மார்ச்லேர்ந்து வரல அத்தை. அதுக்கு முன்னாடியும் ஒழுங்கா வந்ததில்ல, ஒரு மாசம் வரும், ரெண்டு மாசம் வராது. கோல்பி கூட இருந்தது உண்மைதான். தெனம் படுத்துக்கிட்டு வயித்தை அமுக்கிப் பார்ப்பேன். அம்மா கவுனைப் போடச் சொல்லும்போதெல்லாம் வயிறு தெரியுதான்னு பயம். தெரியக்கூடாதேன்னு அன்னைக்கு அந்த ஆப்பிளையும் சாப்பிட மாட்டேன்."

சாப்பிடாததால் நாள் தள்ளிப் போகிறது, நாள் தள்ளிப் போனதால் பயம், பயத்தில் இன்னும் சாப்பிடவில்லை. இந்தப் பெண் மாதக்கணக்கில் இப்படியே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள், சிரித்த முகத்தோடு, கையசைத்துக்கொண்டு. அதுவரை நான் பட்டினி ஒரு கவலை, பிள்ளைப் பயம் வேறொரு கவலை என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று தின்று வளர்கிறது என்று தோன்றவில்லை.

வெளியே வந்து ட்ரூடியிடம் சொன்னோம். அவள் நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, அதற்குள் திட்டமே போட்டு வைத்திருந்தாள்.

"இருந்தாலும் பரவால்ல. தோல் கவுன் கெட்டியா இருக்கும், ஜூலைல வயிறு ஒண்ணும் தெரியாது. போட்டி முடியட்டும். ஜெயிச்ச பிறகு என்னன்னு பார்த்துக்கலாம். கோல்பி வீட்ல மூச்சு விடாம இருக்கச் சொல்றேன்."

"அண்ணி, பிள்ளையே இல்லைங்குது."

"குச்சிக்கு என்னடி தெரியும்?"

அப்படியென்றால் டாக்டருக்குத் தெரியும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன். அந்த வாரமே டெஸ்ஸாவை பில்லிங்ஸ் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ட்ரூடியும் தொற்றிக்கொண்டாள், தலையில் துணி கட்டி, முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி போட்டு. அவளை ஒரு நாய்க்கும் தெரியாத ஊரில் எதற்கு இந்த வேஷம் என்று கேட்டேன். "என் முகம் பழைய ரோடியோ ஆளுங்களுக்கு மறக்காது" என்றாள்.

டாக்டர் ஓர் இளம்பெண். டெஸ்ஸாவிடம் முதலில் தனியாக வெகுநேரம் பேசினாள். பிறகு டெஸ்ஸா கேட்டதன்பேரில் எங்களையும் உள்ளே கூப்பிட்டாள்.

"கர்ப்பம் இல்ல. ரத்தத்துலயும் பார்த்தாச்சு, நிச்சயமா இல்ல," என்றாள். "உடம்புக்குப் போதுமான சாப்பாடு போகல. தனக்கே பத்தாதப்ப உடம்பு மாதவிலக்கை நிறுத்திடும். வேற ஏதாவது காரணம் இருக்கான்னு பார்க்கவும் டெஸ்ட் அனுப்பியிருக்கோம், ஆனா முக்கியக் காரணம் இதுதான். நாடித் துடிப்பு ரொம்பக் குறைவா இருக்கு. இப்படியே விட்டா எலும்பு பலமிழந்து போகும். நல்லா சாப்பிடணும். எடை ஏறுற வரைக்கும் குதிரைச் சவாரி வேண்டாம். விழுந்தா மத்தவங்களுக்கு அடிதான் படும், இவங்களுக்கு எலும்பே உடைஞ்சிடும்." டெஸ்ஸா பக்கம் திரும்பி, "வரலைங்கறதுக்காகப் பிள்ளை தங்காதுன்னும் நினைச்சுக்காதே. பாதுகாப்பு இல்லாம இருக்காதே" என்றாள்.

இவ்வளவும் சொன்னாள், தெளிவாக, நிதானமாக. ட்ரூடி முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு எதையும் மனதில் வாங்கவில்லை. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் டெஸ்ஸாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உரக்கவே சொன்னாள்: "கடவுளே, உனக்குக் கோடி நன்றி! என் பொண்ணு வெறும் பட்டினிதான்!"

அங்கிருந்து நேராக எங்களை மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டுத் தருகிற ஒரு ஸ்டேக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், கொண்டாட. தனக்கு ரிப்-ஐ என்கிற கொழுத்த துண்டு, எனக்கு ரிப்-ஐ, டெஸ்ஸாவுக்கு இலைக்கோசு சாலட். "சாஸ் ஊத்தாம குடு கண்ணு," என்று பரிமாறுகிறவளிடம் சொன்னாள். நான் யாரையும் கை நீட்டி அடித்தவள் இல்லை. அன்றைக்கு முட்கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"அண்ணி, டாக்டர் என்ன சொன்னா, உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு விழுந்துச்சு. மூணு வாரந்தானே. போட்டி முடிஞ்சதும் பன்னி மாதிரி தின்னட்டும், யார் வேண்டாங்குறா?"

என் ஸ்டேக்கை டெஸ்ஸா பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மெதுவாக என் பக்கமே தள்ளி வைத்தாள். பரவாயில்லை அத்தை என்றாள்.

மறுநாள் கார்லீனிடம் போனேன். அவள் ரோடியோ கமிட்டித் தலைவி, அவள் நினைத்தால் டெஸ்ஸாவை நிறுத்தலாம். பெண் சாப்பிடுவதே இல்லை, மயக்கம் போடுகிற நிலைமையில் இருக்கிறாள், குதிரையில் ஏறக்கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டாள் என்றேன். கார்லீன் சிரித்தாள். "அட, போட்டி நெருங்குனா எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தான். நான் அந்த வருஷம் செலரித் தண்டும் சிகரெட்டுமா ஓட்டுனேன். சாப்பிடலைன்னு ராணியை நிறுத்த ஆரம்பிச்சா மாநிலத்துல ஒரு ராணியும் மிஞ்ச மாட்டா," என்றாள். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "நீ நல்லாச் சாப்பிடு" என்றாள்.

ஆக வழி அடைபட்டது. டெஸ்ஸாவையே கேட்டேன், நீயாக வேண்டாம் என்று சொல்லேன் என்று. "எப்படிச் சொல்றது அத்தை? அம்மா இதுக்காகத்தான் உயிரோட இருக்காங்க," என்றாள். அதற்குள் பயிற்சியின்போது இரண்டு தடவை அவள் சேணத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதை நான் பார்த்துவிட்டேன். மாநிலப் போட்டியில் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். அவள் விழுவாளா மாட்டாளா என்பதல்ல, எந்தத் திருப்பத்தில் விழுவாள் என்பதே எனக்குக் கேள்வி.

மாநிலப் போட்டிக்குப் போகிற ராணிக்குப் புறப்பாட்டு விருந்து என்று ஒன்று வைப்பார்கள். சந்தைத் திடல் மண்டபத்தில், ஊரே வரும். பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பைகளை ஏலம் விட்டு ராணிக்குச் செலவுக்குக் கொடுப்பார்கள். கடைசியில் ராணி பேச வேண்டும். ட்ரூடி பேச்சை எழுதிக் கொடுத்து, எங்கெங்கே நிறுத்திச் சிரிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து பெண்ணோடு சேர்ந்து வாயை அசைக்கத் தயாராக இருந்தாள்.

டெஸ்ஸா எழுந்து மைக் முன்னால் நின்றாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு தொப்பியைக் கழற்றி, கிரீடத்தை அதிலிருந்து பிரிக்கப் பார்த்தாள். அது ஊசிகளால் இறுக்கிக் குத்தியிருந்தது, உடனே வரவில்லை. பிடுங்கித்தான் எடுத்தாள்.

"நான் ராணியா இருக்க முடியாது," என்றாள். "நான் மாசமா இருக்கேன்."

கிரீடத்தைக் கார்லீன் முன்னால், செர்ரிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கார்லீன் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பெட்டி யாருக்கு வாங்கியது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மண்டபத்தில் பாதிப் பேர் அதே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் கென்ட் பெரிதாக மூச்சு விட்டார். இனி பரிதாபப்பட்டு யாரும் அவருக்குக் காப்பி வாங்கித் தர மாட்டார்கள்.

ட்ரூடி நாற்காலி கவிழ எழுந்தாள். "பொய்! பொய் சொல்றா! அவ வயித்துல ஒண்ணுமே கிடையாது!"

அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய உண்மையைச் சொன்னதில்லை.

"ட்ரூடி, உட்காரு," என்றாள் கார்லீன், இரக்கமாக. "டாக்டர் கிட்டப் போனீங்கன்னு மார்னி சொன்னா. டாக்டர் என்ன சொன்னாங்க?"

ட்ரூடி வாயைத் திறந்தாள். ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: பிள்ளை இல்லை, பெண்ணுக்கு நான் சோறு போடவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கிரீடம் திரும்பி வந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தாள், நான் சொல்வேனோ என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பெற்றவளுக்கு அதிர்ச்சி, ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, பாவம்.

யாரோ ஒருத்தி டெஸ்ஸாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். இன்னொருத்தி ஏலத்துக்கு வைத்திருந்த பையையே வெட்டி அவள் முன்னால் வைத்தாள். "சாப்பிடும்மா. இனிமே நீ ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்." டெஸ்ஸா அழுதுகொண்டே அந்த முழுத் துண்டையும் சாப்பிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியாது, அந்தப் பெண் தட்டைக் காலி செய்து நான் பார்த்தேன்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "ஏண்டி அப்படிச் சொன்ன?"

"பட்டினின்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா அத்தை? நீங்கதான் சொல்லிப் பார்த்தீங்களே."



அன்றைக்கே அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆர்லன் அவள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாத்துக்க மார்னி" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சொற்பொழிவு. கோல்பி மறுநாள் நெவாடாவில் காளை ஏறப் போய்விட்டான், போகிற வழியில் போனில் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினான். அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்த டெஸ்ஸா, இதயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பயந்ததெல்லாம் இந்த ஜந்துவுக்காகவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு சாப்பாடு வர ஆரம்பித்தது. இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி நான் ஆயிரம் சொல்வேன், ஆனால் அவர்கள் அடுப்பைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சீஸும் அடுக்கிச் சுட்ட ஹாட் டிஷ், நூடுல்ஸ் போட்ட கோழி, இலவங்கப்பட்டை ரோல். "எவ்ளோ அழகாயிட்டா" என்று அந்த எலும்பைப் பார்த்து வாயைப் பிளந்த அதே பெண்கள் இப்போது மூடி போட்ட தட்டோடு வாசலில் நின்றார்கள். "குழந்தைக்கு வேணும்ல" என்பார்கள். என் எதிரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது, பத்தொன்பது வயது, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு. அதற்கு வேண்டும் என்று அதுவரை ஒருத்திக்கும் தோன்றியதில்லை. இல்லாத ஒன்றுக்கு என்றதும் ஊரே சமைக்கிறது. வெட்கங்கெட்ட ஊர். ஆனாலும் தட்டுகளை வாங்கி வைத்தேன். டாக்டர் சொன்னபடி மறுபடி போனோம், எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, விடாதே என்றாள்.

ட்ரூடி கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். "பாட்டி ஆகப் போறியாமே!" என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். "இல்லவே இல்ல" என்று அவள் கத்துவாள். "ஆமா ஆமா" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பிளேட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே வாக்கியத்தில் எல்லோர் வாயையும் அடைக்கலாம், அதை மட்டும் சொல்ல மாட்டாள். எனக்கு அந்தக் கோடை முழுக்க அதில் ஒரு கேவலமான சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன், இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் காலை டெஸ்ஸா குளியலறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அத்தை, வந்துடுச்சு."

இரண்டு பேரும் அந்தக் கதவடியிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். வீட்டில் ஒரு பேடுகூட இல்லை, மாவில் விழுந்த பாக்கெட்டை அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று, எனக்குத்தான் அந்தக் கவலை போய் நாளாகிறதே. அவளே கார்லீன் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். வேறொன்றையும் யோசிக்கவில்லை. கார்லீன் பாக்கெட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கவுண்டருக்கு வெளியே வந்து அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாளாம். "காசு வேண்டாம் கண்ணு" என்றாளாம்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ட்ரூடி மகளுக்குக் கலைந்துவிட்டது என்று. டெஸ்ஸா யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் நான் நல்லா இருக்கேன் என்றாள். அதற்கும் அவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டு தடவை கலைந்திருக்கிறது. அப்போது ட்ரூடி எட்டிப் பார்க்கவில்லை, குதிரை ஏலம் இருக்கிறது என்று கென்ட்டிடம் போனில் சொன்னாள்.

அடுத்த வாரம் எங்கள் வண்டி வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரைச் சுற்றிப் பெண்கள். நடுவில் ட்ரூடி, கையில் கசங்கிய காகிதக் கைக்குட்டை. கண், மூக்கு எல்லாம் சிவந்திருந்தது. நான் நினைத்தேன், இனி மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, நிம்மதியாக இருப்பாள் என்று. அவளை எனக்கு இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.

"பேரப்பிள்ளைக்குப் பேர்கூட யோசிச்சு வச்சிருந்தேன்," என்று விம்மிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தாங்க முடியலடி." ஒருத்தி அவள் தோளைத் தடவினாள். இன்னொருத்தி அவளுக்காகச் சுட்ட ஹாட் டிஷ்ஷை கவுண்டர்மேல் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தேன். டெஸ்ஸா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தோன்றியது, ஆனால் எனக்கு வாய் நிற்காது. பார்த்ததைச் சொன்னேன், அழுகை, பேர், எல்லாவற்றையும்.

அவள் முட்கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா எனக்காக ஒருதடவை அப்படி அழுதிருந்தா, நான் கிரீடத்தைக் கழட்டியிருக்கவே மாட்டேன் அத்தை," என்றாள். "செத்தாலும் குதிரையை ஓட்டியிருப்பேன்."

பிறகு தட்டை இழுத்துக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.